சுகதேகிகளுக்கான ஆஸ்பத்திரிக் கப்பல்

அந்த வெள்ளைக் கப்பல் மஞ்சள் கொடியோடு கொழும்புத் துறைமுகத்துக்குள் நுழைந்த காலையில் கொட்டாஞ்சேனையில் பாதிப்பேர் யன்னலைச் சாத்தினார்கள். மஞ்சள் கொடி என்றால் கொள்ளைநோய் என்று நினைத்தார்கள். கடல் வழக்கப்படி பொருள் நேர்மாறானது. "என் கப்பலில் எல்லாரும் சுகம், உள்ளே வர அனுமதி தாருங்கள்" என்பதுதான் அந்தக் கொடி சொல்லும் சேதி. துறைமுகச் சுகாதார அதிகாரி ஏறிப் பார்த்து, சரி என்றால் கொடி இறங்கும். கப்பலில் ஒருவருக்காவது காய்ச்சல் என்று தெரிந்தால் அனுமதி போய்விடும். கப்பல் வெளிக்கடலில் போய்க் காத்து நிற்க வேண்டும். இந்த ஒரு விதியை வாசகர் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பின்னால் நடந்தவை எல்லாம் அதிலிருந்து தாமாகவே வரும்.

அது யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அது போதாதென்று, உலகம் முழுவதையும் ஒரு காய்ச்சல் சுற்றிவந்த வருடமும் அதுதான். ஆஸ்பத்திரிகளில் கட்டிலுக்கு மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று கிடந்தார்கள். இதைக் கேள்விப்பட்ட ஒரு நட்பு நாடு, ஐந்நூறு கட்டிலும் நான்கு சத்திரசிகிச்சைக் கூடமும் உள்ள தன் ஆஸ்பத்திரிக் கப்பலை அனுப்பி வைத்தது. வேலை அழகாகப் பிரிக்கப்பட்டது. தரையிலுள்ள ஆஸ்பத்திரிகள் காய்ச்சலைப் பார்க்கும். கப்பல் மற்ற எல்லாவற்றையும் பார்க்கும். குடலிறக்கம், அப்பெண்டிக்ஸ், பித்தப்பைக் கல் எல்லாம் கப்பலுக்கு. ஆனால் காய்ச்சல் மட்டும் ஏறக்கூடாது. ஏறினால் கப்பல் வெளிக்கடலுக்குப் போய்விடும் அல்லவா?

இந்த ஏற்பாட்டை நடத்த மிதக்கும் மருத்துவ உதவி இணைப்புக் குழு என்று ஒன்று அமைக்கப்பட்டது. தலைவர் வெள்ளவத்தை இராசரத்தினம். அரசாங்க சேவையிலிருந்து ஓய்வுபெற்றவர். அந்த ஓய்வைத் தேநீர் இடைவேளை போலவே கருதியவர். வரவேற்பு விழாவில் அவர் மூன்று மொழியிலும் பேசினார்.

"இந்தக் கப்பல் முற்றிலும் சுகாதாரமானது. கட்டிய நாளிலிருந்து இன்றுவரை இதன் கட்டில்களில் ஒரு நோயாளிகூடப் படுத்ததில்லை. விரிப்புகளில் ஒரு சுருக்கம் இல்லை. இந்தப் பெருமையைக் காப்பாற்றித் திருப்பிக் கொடுப்பது நமது தேசியக் கடமை."

எல்லாரும் கைதட்டினார்கள். பின்வரிசையில் நின்ற யோகநாதனும் தட்டினார். அவர் நீதிமன்றங்கள் உள்ள புதுக்கடையில் ஒரு அப்புக்காத்திடம் கிளார்க்காக இருந்தார். கூட்டம் கைதட்டினால் தானும் தட்டிவிட்டுப் பிறகு காரணம் யோசிப்பவர். அன்று அவருக்குக் காரணம் இருந்தது. அவருடைய மனைவி கனகேஸ்வரிக்குப் பித்தப்பையில் கல். ஆஸ்பத்திரியில் கொடுத்த திகதியைக் காய்ச்சல் தள்ளிவைத்துவிட்டது. நோ வரும்போதெல்லாம் அவர் சமையலறைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கொட்டாஞ்சேனையில் உள்ள எல்லாக் கோயிலையும் வரிசையாகக் கூப்பிடுவார். இந்துக் கோயில்கள் முடிந்தால் அந்தோனியாரையும் விடமாட்டார்.

இணைப்புக் குழுவின் கந்தோரில் யோகநாதனிடம் முதல் கேள்வியாகக் கேட்கப்பட்டது, "பாஸ்போட் இருக்கோ?"

"வயித்துக்கோ ஐயா?"

"ஆளுக்கு."

இதையும் விளக்க வேண்டும். ஒரு கப்பலின் தளம் அது பறக்கவிடும் கொடிக்குரிய நாட்டின் மண்ணாகக் கணிக்கப்படும் என்று இணைப்புக் குழு தீர்மானித்திருந்தது. ஆகவே கப்பலில் ஏறுவது இலங்கையை விட்டு வெளியேறுவதாகும். இறங்குதுறையில் வெளியேறும் முத்திரை குத்துவார்கள். திரும்பி வரும்போது உள்வரும் முத்திரை. ஒழுங்கான ஏற்பாடுதான். ஒரே ஒரு சிக்கல், பித்தப்பையில் கல் உள்ளவர்களிடம் பொதுவாகக் கடவுச்சீட்டு இருப்பதில்லை. அதனால் கப்பல் வந்து மூன்று கிழமையாகியும் ஒரு நோயாளிகூட ஏறவில்லை.

கப்பல்காரர்கள் சும்மா இருக்கவில்லை. தினமும் காலையில் ஆரஞ்சு நிற உடுப்பணிந்த ஒரு வைக்கோல் பொம்மையைத் துறைமுகத்துக்குள் எறிந்தார்கள். உடனே மணி அடிக்கும். மாலுமிகள் ஓடுவார்கள், படகு இறங்கும், பொம்மை மீட்கப்படும், அதற்குக் கம்பளி போர்த்தி ஒரு கோப்பை தேநீரும் பக்கத்தில் வைப்பார்கள். ஐந்நூறு கட்டிலில் படுத்த ஒரே ஆள் அந்தப் பொம்மைதான்.

யோகநாதன் அலைந்து திரிந்து கடவுச்சீட்டு எடுத்தார். படம் பிடிக்கும் நேரம் பார்த்து நோ வந்ததால் கனகேஸ்வரி அதில் யாரையோ கடிக்கப் போவதுபோல் இருந்தார். அதுவல்ல பிரச்சினை. கடவுச்சீட்டு எடுத்த செய்தி வெள்ளவத்தைக்குப் போனதுதான் பிரச்சினை.

அங்கே, கொழும்பின் தென்புறத்தில், கனகேஸ்வரியின் தங்கை நேசமலர் கடலோர ஒழுங்கை ஒன்றில் ரயில் பாதையைப் பார்த்தபடி அறைகள் வாடகைக்கு விட்டிருந்தார். அறைகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பொடியளும் பெட்டையளும். பொலிசில் பெயரைப் பதிந்துகொண்டு, கடவுச்சீட்டைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு, வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் "அடுத்த கிழமை" என்று சொல்வதைப் பல மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள். நேசமலர் அடுத்த பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்கு வந்து இறங்கினார்.

"அக்கா, எனக்கும் ஒளிக்கிறியோ?"

"என்னத்தையடி ஒளிக்கிறது? பித்தப்பையில கல்லு."

"ஓம், ஓம். எல்லாருக்கும் கல்லுத்தான். எந்த ஏஜென்சி?"

"ஏஜென்சி ஒண்டும் இல்லை. அரசாங்கம்தான் ஏத்துது."

நேசமலர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். "அரசாங்கமே ஏத்துதோ! கப்பலிலயோ?"

"கப்பலிலதான். நேர போய் ஏறுறது. காய்ச்சல் இல்லாத, சுகமான ஆக்களாப் பாத்துத்தான் எடுக்கினமாம். முத்திரையும் குத்தித்தான் விடுவினம்."

"காசு?"

"சதம் இல்லை."

கனகேஸ்வரி சொன்ன ஒவ்வொரு உண்மையும் நிலைமையை மோசமாக்கியது. நேசமலர் அக்காவின் கையைப் பிடித்து, "நீ கெட்டிக்காரி. போய்ச் சேர்ந்தாப் பிறகாவது எனக்கொரு கடிதம் போடு" என்று கண் கலங்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த கிழமை வெள்ளவத்தையில் அறுபது பேருக்கு அப்பெண்டிக்ஸ் வந்தது.

எல்லாரிடமும் கடவுச்சீட்டு இருந்தது. ஒருவரிடமும் காய்ச்சல் இல்லை. இணைப்புக் குழு இத்தனை நாளாய்க் காத்திருந்த நோயாளர் இவர்கள்தான். முதலாவதாக ஏறியவள் நேசமலரின் அறையில் இரண்டு வருடமாய் இருந்த கௌரி. அவளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை ரொறொன்ரோவில் இருந்தான். அவனுடைய குரலைத் தவிர மற்றதெல்லாம் அவளுக்கு மறந்துகொண்டு வந்தது. கப்பல் டொக்டர் அவள் வயிற்றை அமுக்கி, எங்கே நோகிறது என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்.

"எங்க நோகவேணும்?" என்று கௌரி பணிவாகக் கேட்டாள்.

மொழிபெயர்ப்பாளராக நின்றவர் இராசரத்தினம். அவர் அதை "எல்லா இடமும்" என்று மொழிபெயர்த்தார்.

டொக்டர்கள் குழம்பினார்கள். அறுபது அப்பெண்டிக்ஸில் இருபத்தைந்து இடப்பக்கம் நொந்தது. சாப்பாட்டு நேரத்தில் எல்லா நோவும் நின்றுபோயிற்று. வெட்டுவதற்கு ஒன்றும் அகப்படாமல் "அவதானிப்பில்" வைத்தார்கள். இராசரத்தினம் வானொலியில் பேசினார்.

"நமது நோயாளர்கள் மிகச் சிறந்த உடல்நிலையில் இருக்கிறார்கள். ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை, ஒருவருக்கும் மருந்து தேவைப்படவில்லை, எல்லாருக்கும் நிறை கூடியிருக்கிறது. உலகத்தின் எந்த ஆஸ்பத்திரி இப்படிச் சொல்லும்?"

கனகேஸ்வரிக்குத் திகதி கிடைத்தது ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கிடையில் அவருடைய வயிற்றுக்குள் ஒரு மாற்றம் நடந்தது. பித்தப்பையைச் சிறிய கத்தரிக்காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். காம்புதான் பித்தம் வெளியேறும் குழாய். கல் உள்ளே உருண்டு திரியும்வரை நோ வரும், போகும். கல் காம்பில் போய் இறுகினால் பை வீங்கும். வீங்கினால் காய்ச்சல் காயும். பிறகு கனநாள் வைத்திருக்க முடியாது. பை கிழிந்தால் உயிருக்கே ஆபத்து. அதாவது, சத்திரசிகிச்சை உண்மையாகவே தேவைப்படும் நேரம் பார்த்துத்தான் ஒருவர் அந்தக் கப்பலுக்குத் தகுதி இழப்பார்.

வெள்ளி காலை, இறங்குதுறையில் வெளியேறும் முத்திரை விழுந்தது. அங்கே கடவுச்சீட்டைத்தான் பார்த்தார்கள். நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. கப்பல் அலைதாங்கிச் சுவருக்குப் பக்கத்தில் நங்கூரமிட்டு நின்றதால் ஒரு சிறிய இயந்திரப் படகில்தான் போக வேண்டும். படகோட்டி கொட்டாஞ்சேனைச் செபஸ்தியன்.

"பாத்து ஏறுங்க அக்கா. கையக் குடுங்க. அய்யா, நீங்க நடுவுல ஒக்காருங்க, இல்லாட்டிச் சாயும்."

கப்பலின் ஏணியடியில் வெப்பமானி காத்திருந்தது. நூற்றிரண்டு. தாதி பின்வாங்கினாள். பிரதம அதிகாரி பின்வாங்கினார். மேலேயிருந்து இராசரத்தினம் இறங்கிவந்தார், மூன்று படியோடு நின்றுகொண்டார்.

"யோகநாதன், இவ வருத்தக்காரியெல்லோ!"

"ஓம் ஐயா. அதுதான் கொண்டந்தனான்."

"என்ன மனிசனப்பா நீர்? இது ஆஸ்பத்திரிக் கப்பல். வருத்தக்காரரை ஏத்தினா கப்பல் என்னத்துக்காகும்?"

"மேல அறுபது பேர் இருக்கினமே ஐயா."

"அவையள் ஒழுங்கான நோயாளர். ஒருத்தருக்கும் ஒரு வருத்தமும் இல்லை." இராசரத்தினம் குரலைத் தணித்தார், அவர் கெட்ட மனிதர் அல்லர். "இஞ்சரும், நான் சொல்லுறதைக் கேளும். காய்ச்சல் தரைக்குரியது. வயிறு கப்பலுக்குரியது. காய்ச்சலைக் கரையில விட்டிட்டு வயித்தோட வாரும். கையோட ஏத்துறன்."

படகு திரும்பியது. இறங்குதுறையில் சுகாதார உத்தியோகத்தர் கையை நீட்டித் தடுத்தார். "பே, மாத்தயா, பே." முடியாது என்பதைச் சொல்லிவிட்டு அவர் சிங்களத்தில் நீளமாகப் பேசினார், செபஸ்தியன் சுருக்கமாகச் சொன்னான்.

"வெளிநாட்டுலருந்து காய்ச்சலோட வந்தவங்கள நாட்டுக்குள்ள எடுக்கேலாதாம்."

"வெளிநாடோ? இது கொட்டாஞ்சேனைக் காய்ச்சலப்பா!"

"நானும் சொன்னேன் அய்யா. முத்திரை அப்பிடிச் சொல்லல்லயாம்."

படகு மறுபடி கப்பலுக்குப் போனது. கப்பல் கரையைக் காட்டியது. படகு கரைக்கு வந்தது. கரை கப்பலைக் காட்டியது. இரண்டு பக்கத்தாரும் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். ஒவ்வொரு முறையும் முன்பு சொன்ன காரணத்தையே, முன்பைவிட அனுதாபத்தோடு சொன்னார்கள். கனகேஸ்வரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடிந்து கிடந்தார். கோயில்களைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். அதுதான் யோகநாதனைப் பயப்படுத்தியது.

"இஞ்சரும், கனகேஸ். ஏதாவது கதையுமன்."

அவர் கண்ணைத் திறந்தார். யோகநாதனைப் பார்க்கவில்லை, செபஸ்தியனைப் பார்த்தார். "தம்பி, எஞ்சினை நிப்பாட்டு. இந்தக் குலுக்கல் தாங்கேலாது. செத்தாலும் ஒரு இடத்தில நிண்டு சாவம்."

செபஸ்தியன் நிறுத்தினான். அந்த எஞ்சினுக்கு ஒரு குணம். சூட்டில் நின்றால் ஆறும்வரை திரும்ப ஓடாது. அதை அவன் நிறுத்திய பிறகுதான் நினைத்தான். படகு தன்பாட்டில் அலைதாங்கியை நோக்கி நகர்ந்தது.

அலைதாங்கியின் மேல் ஒரு கடற்படைச் சிப்பாய் காவல் நின்றான். யுத்தகாலத்தில், துறைமுகத்துக்குள், சத்தமில்லாமல் தன்னை நோக்கி வரும் ஒரு படகை எந்தச் சிப்பாயும் விரும்பமாட்டான். அவன் துவக்கைத் தூக்கிக்கொண்டு கத்தினான்.

யோகநாதன் எழுந்து நின்றார். கொழும்பில் இத்தனை வருடம் எத்தனையோ சோதனைச் சாவடிகளில் பழகிய உடம்பு அது. மூளையைக் கேட்காமலே வேலை செய்தது. இரண்டு கையையும் பக்கவாட்டில் அகல விரித்து, மெதுவாக மேலே தூக்கினார், வெறுங்கை என்று தெரியும்படி. சிப்பாய் மீண்டும் கத்தினான். கைகளை மெதுவாக இறக்கி அடையாள அட்டை இருந்த சேட்டுப் பையைக் காட்டினார். சிப்பாய் இன்னும் பலமாகக் கத்தினான். மறுபடி விரித்துத் தூக்கினார். படகு ஆடியபடியால் எல்லாவற்றையும் நிதானமாகவே செய்ய வேண்டியிருந்தது.

அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, மெதுவாக உயர்த்தித் தாழ்த்தி, திரும்பத் திரும்பச் செய்வது உலகமெங்கும் மாலுமிகள் ஒப்புக்கொண்ட அபாயச் சைகை. "ஆபத்தில் இருக்கிறோம், காப்பாற்றுங்கள்" என்பது அதன் பொருள்.

கப்பலின் ஊதுகுழல் துறைமுகமே அதிரும்படி ஊதியது.

மாலுமிகள் ஓடிவந்த வேகத்தை என்னவென்று சொல்வது? எத்தனை நாள் ஒரு பொம்மையைக் காப்பாற்றிக் களைத்தவர்கள்! கண் முன்னால் மூன்று உண்மையான மனிதர், அதில் ஒருவர் உண்மையாகவே முனகுகிறார். மீட்புப் படகு விழுந்தது, தூக்குப்படுக்கை வந்தது. கடலில் தத்தளிப்பவரை எந்தக் கப்பலின் தலைவனும் ஏற்றியே ஆக வேண்டும். பெயரும் கேட்கக்கூடாது, நாடும் கேட்கக்கூடாது. மற்ற விதிகளை எல்லாம் எழுத ஆள் பிறக்கும் முன்னரே இருந்த விதி அது. அதில் வெப்பமானி என்ற சொல்லே இல்லை.

இராசரத்தினம் மேல்தளத்தில் கையைப் பிசைந்தார். "காய்ச்சல்! நூற்றிரண்டு!" என்றார் கப்பல் தலைவரிடம். தலைவர் ஏதோ சொன்னார். அதைத் தமிழில் சொல்ல அங்கே வேறு ஆள் இல்லாதபடியால், தனக்கு எதிரான கட்டளையை இராசரத்தினமே உரத்த குரலில் அறிவித்தார்.

"குறுக்கே நிற்கும் அந்தப் பெரியவரை அப்புறப்படுத்துங்கள்."

அறிவித்துவிட்டு, அவரே அப்பால் போய் நின்றார்.

கனகேஸ்வரி உள்ளே போக, நான்கு சத்திரசிகிச்சைக் கூடத்து டொக்டர்களும் ஒரே கூடத்துக்குள் நுழைந்தார்கள். வீங்கிய பித்தப்பையைப் பார்த்ததும் ஒருவருக்குக் கண் கலங்கியதாகச் சொல்வார்கள். வெளியே யோகநாதனுக்குக் கம்பளி போர்த்தித் தேநீர் கொடுத்தார்கள். கனகேஸ்வரிக்கு வைத்த கோப்பையையும் அவரே குடித்தார். ஒரு டொக்டர் வெளியே வந்து பெருவிரலை உயர்த்திக் காட்டியபோது, அதுவும் ஏதாவது கடற்சைகையோ என்று அவர் இராசரத்தினத்தைப் பார்த்தார்.

"உயிர் தப்பிட்டா எண்டு சொல்லுறார்," என்றார் இராசரத்தினம். பிறகு தன் கைக்குட்டையை நீட்டினார்.

விதி விதிதான். காய்ச்சல் ஏறிய கப்பல் துறைமுகத்தில் நிற்கலாகாது. பின்னேரம் துறைமுக அனுமதி போயிற்று. நங்கூரம் எழுந்தது. கப்பல் மெல்ல அசைந்து அலைதாங்கியைக் கடந்தபோது, மேல்தளத்தில் அறுபது அப்பெண்டிக்ஸும் ஒரே நேரத்தில் குணமாகி ஆரவாரம் செய்தன. சிலர் அழுதார்கள். ஒருவன் தன் அறைச் சாவியை நேசமலரிடம் திருப்பிக் கொடுக்காமல் வந்துவிட்டதை நினைத்து, அதைக் கடலில் எறிந்தான்.

கௌரி ஆரவாரம் செய்யவில்லை. கடல் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கனகேஸ்வரிக்குப் பக்கத்துக் கட்டிலில் கண்ணை இறுக மூடிக்கொண்டு அப்படியே உறங்கிப்போனாள். விடிந்ததும் கனகேஸ்வரி தண்ணீர் கேட்க, எழுந்து உதட்டை நனைத்துவிட்டாள். பிறகு கப்பலின் வட்ட யன்னலால் பார்க்கப் பயந்து கேட்டாள்.

"அன்ரி, கரை தெரியுதோ?"

"தெரியுது பிள்ளை."

"எந்த நாடு?"

கனகேஸ்வரி தலையைச் சிறிது உயர்த்தி, நேர்மையாகப் பார்த்தார். "ரயில் போகுது... தென்னை நிக்குது... வெள்ளவத்தை போலக் கிடக்கு."

கௌரி தானும் யன்னலால் எட்டிப் பார்த்தாள். பிறகு கனகேஸ்வரியின் தலையணையைத் தட்டி ஒழுங்காக்கி, "வடிவாப் படுங்கோ அன்ரி. தையல் இழுக்கும்" என்றாள். ஒருவரும் கேளாமலே அந்தக் கப்பலில் அவள் செய்த முதல் வேலை அது. கனகேஸ்வரியின் காய்ச்சல் விடும்வரை அவளே பார்த்தாள். தாதிமார் அவளைத் தங்கள் சாப்பாட்டு மேசைக்குக் கூட்டிப்போனார்கள்.

காய்ச்சல் விட்டது. மஞ்சள் கொடி ஏறி, அதிகாரி பார்த்தபின் இறங்கியது. கப்பல் துறைமுகத்துக்குள் வந்து எல்லாரையும் இறக்கியது. இராசரத்தினம் பிரியாவிடை உரையில் சொன்னார்:

"இக்கப்பலில் அனுமதிக்கப்பட்ட அறுபது நோயாளரும் ஏறும்போது இருந்த அதே சுகத்தோடு இறங்கியிருக்கிறார்கள். ஒரு சத்திரசிகிச்சையும் தேவைப்படவில்லை. கடலில் தத்தளித்த ஒருவருக்கு ஏதோ வெட்டப்பட்டதாக அறிகிறேன். அவர் நோயாளி அல்லர். ஆகவே நமது சாதனையை அது எவ்விதத்திலும் பாதிக்காது."

இறங்குதுறையில் உள்வரும் முத்திரை குத்தினார்கள். சுங்க உத்தியோகத்தர் கனகேஸ்வரியின் பையில் ஒரு சிறிய போத்தலைக் கண்டுபிடித்தார். டொக்டர்கள் நினைவாகக் கொடுத்தது. உள்ளே நான்கு பித்தக்கல்.

"இது எந்த நாட்டு உற்பத்தி?" என்று அவர் தமிழில் சிரமப்பட்டுக் கேட்டார்.

யோகநாதன் புதுக்கடையில் கற்ற முழு எச்சரிக்கையோடும் பதில் சொன்னார். "உள்ளூர் உற்பத்தி ஐயா. வெளிநாட்டில எடுத்தது."

வாசலுக்கு வெளியே நேசமலர் நின்றார். கையில் நெஸ்டமோல்ட் சத்துமா, மாரி பிஸ்கற், தோடம்பழம். கண் அழுது சிவந்திருந்தது. கப்பலில் போனவர்கள் எல்லாரும் திரும்பி வருகிறார்கள் என்றால் அதற்கு வெள்ளவத்தையில் ஒரே ஒரு பொருள்தான். அக்காவைக் கட்டிப் பிடித்துக் காதுக்குள் கேட்டார்.

"எந்த நாட்டிலயடி அக்கா பிடிச்சுத் திருப்பினவங்கள்?"

கனகேஸ்வரி போத்தலைக் காட்டினார். நேசமலர் அதைத் தள்ளிவிட்டார். "அதை விடு. எங்க வரைக்கும் போனனீங்கள்?"

"வெள்ளவத்தைக்கு நேர. உன்ர வீட்டுப் பின்பக்கம் வரைக்கும்."

"பகிடி விடாத."

"பகிடி இல்லையடி. ஞாயிற்றுக்கிழமை உன்ர மாம்பழ நிறச் சீலை கொடியில காய்ஞ்சது. வடக்குப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. 'எடடி, எடடி' எண்டு தையல் நோக நோகக் கத்தினனான். உனக்கெங்க கேட்டது?"

நேசமலர் கையில் இருந்த தோடம்பழப் பையைக் கீழே வைத்துவிட்டு, போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஓமடி," என்றார் மெல்ல. "அண்டைக்கு நனைஞ்சுதான் போச்சு."